ஸ்காட்லாந்து அமெச்சூர் கால்பந்து: லீகுகள் எப்படி இயங்குகின்றன, இனி எப்படி இருக்கும்?

கிளைட்கரை:

வணக்கம். கிளாஸ்கோவில் வாரம் தவறாமல் ஐவர் ஆட்டம் ஆடுகிற ஒரு குழு, அடுத்த ஆகஸ்டில் பதினொருவர் அணியாக அமெச்சூர் லீகில் சேர நினைக்கிறது. பாதிப் பேர் மாணவர் விசாவில் இருப்பவர்கள். விவரம் தேடினால் சீனியர், ஜூனியர், அமெச்சூர், வெல்ஃபேர் என்று நாலு பெயர் வருகிறது. எது எதற்கு மேல், எது எதற்குக் கீழ் என்று பிடிபடவில்லை. ஜூனியர் என்றால் சிறுவர்களா?

இன்னொன்று. ஜூனியர் கிளப்புகள் பிரமிடுக்குள் (வென்றால் மேலே ஏறும், தோற்றால் கீழே இறங்கும் லீக் அடுக்கு) போய்விட்டன, அமெச்சூர் லீகுகளில் அணிகள் குறைந்துகொண்டே வருகின்றன, இதில் இப்போது சேர்ந்து என்ன பயன் என்று ஒரு நண்பர் கேட்கிறார். உண்மையில் இதற்கு எதிர்காலம் உண்டா? விஷயம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். நடைமுறை விவரம் எவ்வளவு இருந்தாலும் நல்லது.

மேட்ச்செயலர்:

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஜூனியர் என்பதற்கும் வயதுக்கும் சம்பந்தமில்லை. ஸ்காட்லாந்தின் தேசியக் கால்பந்துச் சங்கமான ஸ்காட்டிஷ் எஃப்.ஏ.வின் பெரிய கிளப்புகளை சீனியர் என்றார்கள். அதற்கு அடுத்த தட்டில் இருந்தவர்கள் 1886இல் தனிச் சங்கம் அமைத்தார்கள், அவர்கள் ஜூனியர். முப்பத்தைந்து வயதுக்காரர் ஜூனியர் கிளப்பில் ஆடலாம், ஆட்டத்துக்குப் பணமும் வாங்கலாம். அமெச்சூர் இதிலிருந்து பிரிந்த வழி. ஸ்காட்டிஷ் அமெச்சூர் கால்பந்துச் சங்கம் 1909இல் தொடங்கியது. இங்கே ஆடுகிறவருக்குச் சம்பளம் கிடையாது. ஃபிஃபா விதிப்படி எழுத்து ஒப்பந்தமும், செலவானதற்கு மேல் பணமும் இருந்தால்தான் ஒருவர் தொழில்முறை ஆட்டக்காரர். மற்ற எல்லோரும் அமெச்சூர். வெல்ஃபேர் என்பதும் ஸ்காட்டிஷ் எஃப்.ஏ.வோடு இணைந்த இன்னொரு தனிச் சங்கம்.

ஆகவே 'எது எதற்கு மேல்' என்ற கேள்விக்கு நேர் பதில் இல்லை. அமெச்சூர் பிரமிடின் அடிப்படி அல்ல, பக்கத்தில் நிற்கும் தனிக் கட்டடம். அதற்குள்ளும் ஒரே ஏணி கிடையாது. கலிடோனியன், சென்ட்ரல் ஸ்காட்டிஷ், ஸ்ட்ராத்க்ளைட் சனிக்கிழமைக் காலை லீக், அயர்ஷயர், லோதியன் எடின்பரோ, அபர்டீன்ஷயர், பெர்த்ஷயர், பார்டர் என்று வட்டாரத்துக்கு ஒன்றாகவும் நேரத்துக்கு ஒன்றாகவும் லீகுகள். ஒவ்வொன்றுக்கும் தன் பிரிவுகள், தன் செயலர், தன் விதிப்புத்தகம். அயர்ஷயரில் முதலிடம் பிடித்த அணி அதற்கு மேல் போக இடமில்லை. வெவ்வேறு லீக் அணிகள் மோதுவது கப் ஆட்டங்களில் மட்டும்தான்: தேசிய அளவில் ஸ்காட்டிஷ் அமெச்சூர் கப், அதற்குக் கீழே மேற்கு ஸ்காட்லாந்து கப், ஹைலேண்ட் அமெச்சூர் கப் போன்ற வட்டாரக் கப்புகள். அமெச்சூர் கப் இறுதி ஆட்டம் பல ஆண்டுகள் ஹாம்ப்டன் பார்க்கிலேயே நடந்திருக்கிறது. சனிக்கிழமை நகராட்சிப் புல்தரையில் தானே வலை கட்டி ஆடுகிறவர்கள், ஒருநாள் தேசிய மைதானத்தில் இறங்கலாம். இந்த அமைப்பின் பெரிய அழகு அதுதான் என்பது என் கருத்து.

இந்த அமைப்பால் வரும் தொல்லையும் ஒன்று உண்டு. லீக்குக்கு லீக் ஏற்ற இறக்கம் இல்லாததால், பலமான கிளப்புகள் கோடையில் தாமாகவே லீக் மாறுகின்றன. நல்ல போட்டி தேடி ஒரு வட்டாரத்தின் முதல் நாலு அணிகள் வெளியேறினால், மிச்சமிருக்கும் பிரிவில் 9-0, 11-1 என்று முடிவுகள் வர ஆரம்பிக்கும். தோற்கும் அணிக்கு நவம்பரில் ஆள் சேராது, ஜனவரியில் அணி கலையும். அது ஆடிய ஆட்டங்களின் முடிவுகளை அட்டவணையிலிருந்து நீக்குவார்கள், அதனால் வேறு யாரோ புள்ளி இழப்பார்கள். லீகுகள் சுருங்குவதாகச் சொல்வதில் ஒரு பங்கு இதுதான்.

சேரும் வேலைக்கு வருகிறேன். செய்ய வேண்டியதில் முதல் காரியம் ஆள் சேர்ப்பதல்ல, மைதானம் பிடிப்பது. எந்த மைதானத்தில், சனிக்கிழமை எந்த நேரத்தில் என்பதை வைத்துத்தான் எந்த லீக் என்பதே முடிவாகும். மார்ச், ஏப்ரலிலேயே லீக் செயலருக்கு எழுதுங்கள். புதிய அணிகளைக் கோடைப் பொதுக்கூட்டத்தில்தான் ஏற்பார்கள், ஜூலையில் கேட்டால் பிரிவுகள் நிறைந்திருக்கும். தலைவர், செயலர், பொருளாளர், கிளப் பெயரில் வங்கிக் கணக்கு, ஒரு பக்கத்துக்காவது எழுதிய அமைப்பு விதி, காயக் காப்பீடு, இரண்டு நிறத்தில் சீருடை. இரண்டாவது நிறத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். நிற மோதலில் ஆட்டம் தாமதமானால் கேட்கப்படுவது புதிய அணிதான்.

ஆள் எண்ணிக்கை: சனிக்கிழமை பதினான்கு பேர் நிற்க வேண்டுமென்றால் பதிவில் இருபத்திரண்டு பேராவது வேண்டும். ஷிப்ட் வேலை, தேர்வு, காயம் மூன்றும் ஒரே வாரத்தில் வரும். தலையில் அடிபட்டவரைக் கணக்கில் சேர்க்கவே கூடாது. பிரிட்டன் முழுமைக்குமான 2023 வழிகாட்டுதலின்படி, மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தாலே அவரை உடனே வெளியே எடுக்க வேண்டும், 21 நாளுக்கு முன் போட்டியில் இறக்கக் கூடாது. அதாவது குறைந்தது மூன்று வாரம். ஏழு பேருக்குக் குறைந்தால் ஆட்டமே தொடங்காது என்பது ஆட்ட விதி.

புதிய அணிகள் அதிகமாக வழுக்கி விழும் இடம் பதிவு. வேறு நாட்டுச் சங்கத்தில் பதிவாகி ஆடியவருக்குச் சர்வதேச மாற்றுச் சான்றிதழ் வேண்டும். சென்னை லீகிலோ கொழும்பிலோ பதிவு இருந்திருந்தால் அங்கிருந்து அனுமதி வந்தபிறகே இறக்கலாம். பலர் கவனிக்காதது: இங்கிலாந்தும் இதில் வேறு நாடு. மான்செஸ்டரில் ஞாயிறு லீக் ஆடிவிட்டு கிளாஸ்கோ வந்தவருக்கும் இதே நடைமுறைதான். "அது சும்மா ஞாயிற்றுக்கிழமை ஆட்டம்தானே" என்று படிவத்தில் விட்டுவிட்டு இறக்கி, பிறகு தெரியவந்தால் தகுதியற்ற ஆட்டக்காரர் என்று புள்ளி போகும், கப் என்றால் வெளியேற்றமே. பதினெட்டு நிரம்பாதவரைச் சேர்த்தால் அவர்களைப் பயிற்றுவிப்பவர், பொறுப்பாளர் யார் யாருக்குப் பி.வி.ஜி. (சிறுவர்களோடு பணியாற்றுவோரின் பின்னணியைச் சரிபார்க்கும் அரசுத் திட்டம்) உறுப்பினர் பதிவு வேண்டும் என்று சங்கத்திடம் கேட்டு முடித்துக்கொள்ளுங்கள். 2025 ஏப்ரல் 1 முதல் அத்தகைய பொறுப்புகளுக்கு அது சட்டக் கட்டாயம்.

கரவெட்டிக் காற்று:

மேலே சொன்னது முழுக்கச் சரி. நான் மைதானத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஸ்காட்லாந்து அமெச்சூர் உதைபந்தாட்டத்தின் எதிர்காலத்தை முடிவு செய்யிறது பிரமிடு அல்ல, ஒரு பருவத்தில் ஆடக்கூடிய சனிக்கிழமைகள் எத்தனை என்பதுதான்.

கணக்குப் பார்ப்பம். ஓகஸ்ட் நடுப்பகுதியில் இருந்து மே கடைசி வரை 42 சனிக்கிழமை. 12 கழகம் உள்ள பிரிவில் சொந்த மைதானத்திலும் வெளியிலும் சேர்த்து 22 ஆட்டம். மூன்று கிண்ணங்கள் என்று வைத்து ஒவ்வொன்றிலும் மூன்றாம் சுற்று வரை போனால் 9. நத்தார், புதுவருடத்துக்கு 2 கிழமை விடுப்பு. மொத்தம் 33. மிச்சம் 9 சனிக்கிழமை. கேட்கக் கனக்க மாதிரி இருக்கும். ஆனால் நவம்பர் முதல் பெப்ரவரி வரை புல்தரையில் எட்டு ஆட்டம் நிண்டு போனால் அந்த மிச்சம் அநேகமாகக் கரைந்திடும். உங்கடை மைதானம் நல்லாயிருந்தாலும் பாதி ஆட்டம் மற்றவரின் மைதானத்தில்தான். கிண்ண ஆட்டம் ஒன்று பின்னுக்குத் தள்ளுப்பட்டால் அடுத்த கிழமை லீக் ஆட்டமும் தள்ளுப்படும், ஒன்றுக்கு இரண்டு.

பிறகு என்ன நடக்கும்? மே மாதத்தில் கிழமைக்கு மூன்று ஆட்டம். செவ்வாய் பின்னேரம் ஆறரைக்கு, வியாழன் ஆறரைக்கு, சனி இரண்டுக்கு. கிளாஸ்கோவில் மே நடுவில் ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் நிக்கும், அதனால் விளக்கு இல்லாமல் ஆடலாம். அதுவும் போதாவிட்டால் ஒரே பின்னேரத்தில் ஒரே எதிரணியோடு இரண்டு லீக் ஆட்டத்தை நேரம் சுருக்கி ஆடி முடிக்கிற ஏற்பாடு. பருவம் முழுக்க வடிவாக ஆடின அணி இந்த மூன்று கிழமையில் களைத்து விழுந்து சம்பியன் பட்டத்தை விடும். வேலைக்குப் போற ஆட்களால் இது ஏலாது, அடுத்த வருடம் திரும்பி வரவும் மாட்டினம்.

மார்கழியில் இன்னொரு எல்லை சூரியன். கிளாஸ்கோவில் அந்த மாதம் மூன்றேமுக்காலுக்கே பொழுது பட்டுவிடும். இரண்டு மணிக்குத் தொடங்கினால் 45, இடைவேளை 10, பிறகு 45, காயநேரம் ஒரு 5. நாலு மணிக்குக் கால் மணி இருக்கும்போது முடியும், முகில் மூட்டமான நாளில் கடைசிப் பத்து நிமிடம் கோல்காப்பாளருக்குப் பந்து தெரியாது. அதனால் குளிர்காலத்தில் ஆட்டத்தை ஒரு மணிக்கோ ஒன்றரைக்கோ தொடங்குவார்கள். காலை உறைபனி இளக நேரம் குறையிறதும் அதே காரணத்தால்தான்.

உறைபனியை எப்படிப் பார்க்கிறது: மைதானத்தின் நடுவில் நிண்டு பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். குளிர்கால வெயில் தெற்கில் தாழ்வாக வரும். தெற்குப் பக்கம் மரவரிசையோ கட்டடமோ இருந்தால் அதன் நிழல் விழும் எல்லைக்கோட்டுப் பக்கம், ஒரு பத்து மீற்றர் அகலத்துக்கு, மத்தியானம் வரை கல்லாகவே கிடக்கும். நடுவர் முதலில் நடப்பது அந்தப் பக்கம்தான். சப்பாத்தின் ஸ்டட் மண்ணுக்குள் இறங்குதா எண்டு பார்ப்பார், இறங்காவிட்டால் ஆட்டம் இல்லை. மழை நாளில் பார்க்கிற இடம் வேறு: இரண்டு கோல்வாயும். பந்தை இடுப்பு உயரத்தில் இருந்து விட்டால் எழும்ப வேண்டும். தண்ணிக்குள் சொத்தென்று இருந்தால் முடிந்தது.

செயற்கைப் புல்தரைகள் வந்து இதைக் கனக்கக் குறைத்தன. அதற்கு முதல் நகரங்களில் இருந்தது சிவப்புக் கப்பித் தரை, இங்கத்தைய சொல்லில் 'பிளேஸ்'. எண்ணெய்ச் சேற்றுப்பாறையை எரித்துக் கொட்டின குவியலில் இருந்து எடுத்துப் பரப்பினது. தண்ணி வடியும், ஆனால் விழுந்தால் முழங்கால் தோலோடு கப்பியும் ஒட்டிக்கொண்டு வரும். இப்ப டோரிக்ளென் மாதிரி நிலையங்கள் இருக்கு, அது 2009இல் ஹாம்ப்டனுக்குப் பக்கத்தில் திறந்தது. பிரச்சினை நேர ஒதுக்கீடு. இரண்டு மணித்தியாலம் எடுத்தால் மேலே சொன்ன கணக்கில் ஆட்டத்துக்கே 105 நிமிடம் போகும், மிச்சம் 15. எதிரணியின் இரண்டு கார் நெடுஞ்சாலையில் நிண்டால் இருபது நிமிடம் பிந்தும், கடைசியில் அடுத்த ஆட்கள் கோட்டுக்கு வெளியே பந்தோடு நிக்க உங்கடை ஆட்டம் முடியாமல் இருக்கும். அதனால் இரண்டேகால் மணித்தியாலம் கேளுங்கள், கிடைக்காவிட்டால் இடைவேளையை ஐந்து நிமிடமாக்க நடுவரிடம் ஆட்டத்துக்கு முதலே சொல்லி வையுங்கள்.

செயற்கைத் தரையும் சாகாவரம் பெற்றதில்லை. பத்து வருடம் அளவில் கம்பளத்தை மாற்ற வேண்டும். அந்தக் காசை வருடா வருடம் ஒதுக்கி வைக்காத இடங்களில் பதினோராம் வருடம் தையல் பிரியும், கோல்வாயில் ரப்பர் துகள் தேய்ந்து கணுக்கால் பிரளும். பனியை உலோக வாரியால் சுரண்டினால் ஒரே நாளில் பழுதாகும். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இந்த ரப்பர் துகள்களின் விற்பனைக்குத் தடை கொண்டு வந்து, 2031 வரை அவகாசம் குடுத்திருக்கு. பிரிட்டனை அது கட்டாது, ஆனால் தயாரிப்பாளர்கள் ஒரே ஆட்கள்தான். இனிப் போடுகிற தரைகளில் தக்கை போன்ற வேறு நிரப்பிகளைப் பற்றி இப்பவே கேட்க வேண்டியிருக்கு.

ஓர்க்னிஅலை:

வடக்கைப் பற்றி யாரும் பேசவில்லையே. 'ஆடக்கூடிய சனிக்கிழமைகள்' என்ற கணக்குக்குத் தீவுகள் என்றோ விடை கண்டுவிட்டன: கோடையில் ஆடுவது. ஓர்க்னி, ஷெட்லாந்து, லூயிஸ் ஹாரிஸ், யூயிஸ்ட் பாரா எல்லாம் வசந்தத்தில் தொடங்கி இலையுதிர்காலத்துக்குள் முடித்துவிடுகின்றன. ஜூன் மாதம் ஷெட்லாந்தின் லெர்விக்கில் இரவு பத்தரை வரை சூரியன் இருக்கும், வேலை முடிந்து வந்து வாரநாளில் நிதானமாக முழு ஆட்டம் ஆடலாம். லூயிஸில் ஞாயிறு ஓய்வுநாள் மரபு பலமாக இருப்பதால் வாரநாள் மாலைகள்தான் முதுகெலும்பு.

எரிஸ்கே தீவின் மைதானத்தைப் படத்திலாவது பாருங்கள். கடலோர மணற்புல்வெளி, கல் வேலி, தரை முழுக்க மேடும் பள்ளமும். ஒரு மூலையில் கார்னர் எடுப்பவர் சரிவில் நின்று, மேல்நோக்கித்தான் பந்தை அடிக்க வேண்டும். உலகில் கால்பந்தாடும் அபூர்வமான எட்டு இடங்களில் ஒன்று என்று ஃபிஃபா அதைக் குறிப்பிட்டிருக்கிறது. அந்தச் சின்னத் தீவில் ஓர் அணி நிற்கிறதென்றால் காரணம், யூயிஸ்ட் பாரா லீகின் தூரங்கள் மாலையில் போய் இரவில் திரும்பக்கூடியவை. அதைப் பெரிய லீகோடு இணைத்தால் மறு வருடமே அணி இருக்காது.

அதனால் 'லீகுகளை இணைத்துப் பெரிதாக்குவோம்' என்று யாராவது சொன்னால் அந்த யோசனையை அப்படியே ஏற்காதீர்கள். மேல் பிரிவு அணிகள் நூறு கிலோமீட்டர் போய் ஆடும், அவர்களுக்குப் போட்டி முக்கியம். மூன்றாம் பிரிவு அணிக்கு அரை மணி நேரப் பயணம்தான் தாங்கும், அதற்கு மேல் போனால் பதினோரு பேருக்கு ஒன்பது பேர்தான் வண்டியில் ஏறுவார்கள். இணைப்பதென்றால் மேலே இணைத்து, கீழ்ப் பிரிவுகளை வட்டாரமாகவே விட வேண்டும்.

கோடைப் பருவத்தை எல்லா இடத்துக்கும் தூக்கிச் செல்வதும் எளிதல்ல. ஹைலேண்டில் ஷின்டி என்ற, ஹாக்கி போன்ற மட்டை ஆட்டம் 2004 முதல் கோடைக்கு மாறிவிட்டது, மார்ச்சில் தொடங்கி அக்டோபர் வரை. ஒரே கிராமத்தில் ஷின்டி மட்டையைப் பிடிப்பவனும் பந்தை உதைப்பவனும் ஒரே ஆள். கிளாஸ்கோவில் ஜூலைப் பாதியில் ஊரே விடுமுறைக்குப் போகும். அங்கே கோடைக்கு மாறினால் இரண்டு மூன்று வாரம் லீகை நிறுத்தியே தீர வேண்டும். என்றாலும் புல்தரையை மட்டும் நம்பியிருக்கும் லீகுகளுக்கு ஜனவரி, பிப்ரவரியை முழுதாக விட்டுவிட்டு ஜூன் கடைசி வரை போவது நல்லது. இப்போது அந்த இரண்டு மாதமும் ஆட்டம் உண்டா இல்லையா என்று வெள்ளி இரவு வரை காத்திருப்பதிலேயே போகிறது. அந்த நிச்சயமின்மைதான் ஆட்களை ஐவர் ஆட்டத்துக்கு விரட்டுகிறது. அங்கே புதன் எட்டு மணி என்றால் எட்டு மணிதான்.

கிளைட்கரை:

மூவருக்கும் மிக்க நன்றி. இங்கிலாந்துப் பதிவு விஷயம் சுத்தமாகத் தெரியாது, எங்களில் இருவர் லீட்ஸில் ஆடியவர்கள். இன்றே கேட்கச் சொல்கிறேன்.

இரண்டு சந்தேகம். நண்பர் சொன்ன பிரமிடு: ஓர் அமெச்சூர் கிளப் நேரே அங்கே போக முடியுமா, போவது நல்லதா? மாணவர் விசாவில் இருப்பவர்கள் ஆடுவதில் சிக்கல் உண்டா?

மேட்ச்செயலர்:

விசாவை முதலில் சொல்கிறேன், பிரமிடு முடிவும் அதில் ஓரளவு தங்கியிருக்கிறது. மாணவர் விசாவில் தொழில்முறை விளையாட்டு வீரராக இருக்கக் கூடாது. உள்துறை விதியில் அந்தச் சொல்லுக்குக் கொடுத்திருக்கும் பொருள் அகலமானது. பணம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், தொழில்முறை அல்லது அரைத் தொழில்முறை நிலையில் ஆடினாலோ பயிற்சி கொடுத்தாலோ அதற்குள் வந்துவிடும். மனமகிழ்ச்சிக்காக மட்டும் ஆடி அதில் பிழைப்புத் தேடாதவர் அமெச்சூர், அதற்குத் தடை இல்லை. ஆகவே அமெச்சூர் சங்கத்தின் லீகில் ஆடுவது மாணவர்களுக்குப் பாதுகாப்பான இடம். பிரமிடு கிளப் ஒன்று "பணம் வேண்டாம், சும்மா வந்து ஆடு" என்று கூப்பிட்டால் சும்மா என்பதால் சரியாகிவிடாது. பல்கலைக்கழகத்தின் விசா ஆலோசகரிடம் கிளப் பெயரையும் லீக் பெயரையும் சொல்லி எழுத்தில் பதில் வாங்கிய பிறகு முடிவெடுக்கச் சொல்லுங்கள்.

இனி பிரமிடு. மேலே தொழில்முறை லீகான எஸ்.பி.எஃப்.எல்.லில் 42 கிளப்புகள், நான்கு பிரிவுகள். 2013இல் லோலேண்ட் லீக் உருவானபின் ஐந்தாம் நிலையில் அதுவும் ஹைலேண்ட் லீகும் இருந்தன. 2014-15இல்தான் முதல்முறை கீழிருந்து மேலே போகும் கதவு திறந்தது. 2016இல் எடின்பரோ சிட்டி முதலாவதாக நுழைந்தது, ஈஸ்ட் ஸ்டர்லிங்ஷயர் இறங்கியது. அப்புறம் கோவ் ரேஞ்சர்ஸ், கெல்டி ஹார்ட்ஸ், போனிரிக் ரோஸ், ஸ்பார்ட்டன்ஸ், ஈஸ்ட் கில்பிரைட். இதில் கெல்டியும் போனிரிக்கும் பழைய ஜூனியர் கிளப்புகள். கிழக்கு ஜூனியர்கள் 2018இலும் மேற்கு ஜூனியர்கள் 2020இலும் கூட்டமாகப் பிரமிடுக்குள் வந்தார்கள், மேற்கு ஸ்காட்லாந்து லீக் உருவானதே அதனால்தான்.

அந்த லீகின் அடிப்பிரிவு விண்ணப்பத்தின் மூலம் புதிய கிளப்புகளை ஏற்கிறது. டிரம்சாப்பல் யுனைடெட் அப்படி அமெச்சூரிலிருந்து 2021இல் போன கிளப், கேம்பல்டவுன் பியூபில்ஸும் அந்த வழிதான். ஆக, கதவு உண்டு, ஆனால் அது படி ஏறிப் போகும் கதவல்ல. அமெச்சூர் லீகில் வென்றதால் யாரும் உங்களைத் தூக்கிவிட மாட்டார்கள், அமெச்சூர் சங்கத்தை விட்டு விலகி விண்ணப்பிக்க வேண்டும். அங்கே பார்ப்பது மைதானம். வேலி அடைத்து நுழைவுக் கட்டணம் வாங்கக்கூடிய இடம், இரண்டு அணிக்கும் நடுவருக்கும் தனி அறை. லோலேண்ட் லீகுக்கு ஏற வேண்டுமானால் ஸ்காட்டிஷ் எஃப்.ஏ. உரிமமும் வேண்டும், அதில் மைதானத்தோடு நிர்வாகம், கணக்கு, பயிற்சியாளர் தகுதி என்று தனித்தனியாகச் சோதிப்பார்கள். நகராட்சி மைதானத்தை மணிக்கணக்கில் எடுக்கும் கிளப்புக்கு இது எட்டாது.

போவது நல்லதா என்று கேட்டால், மைதானத்தின் சாவி கையில் இருக்கும் கிளப்புக்கு நல்லது, மற்றவர்களுக்கு நல்லதல்ல. குயின்ஸ் பார்க்கைப் பாருங்கள். 1867இல் தொடங்கி 152 ஆண்டு அமெச்சூராக நின்று, பத்து முறை ஸ்காட்டிஷ் கப் வென்ற கிளப். தன் ஆட்டக்காரர்களைப் பெரிய கிளப்புகள் காசு கொடுக்காமலே தூக்கிச் செல்வதைத் தாங்க முடியாமல் 2019 நவம்பரில் அமெச்சூர் நிலையைக் கைவிட்டது. மேலே ஏறினால் சம்பளம் இல்லாமல் நிற்க முடியாது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று இல்லை. உங்கள் நண்பர் பிரமிடுக்குப் போகாத கிளப் தோற்றுப்போன கிளப் என்று நினைக்கிறார் போலிருக்கிறது. எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. பின்னாளில் பெரிய மேலாளர்களான அலெக்ஸ் ஃபெர்குசன், டேவிட் மோய்ஸ் போன்றவர்கள் சிறுவயதில் டிரம்சாப்பல் அமெச்சூர்ஸில் (மேலே சொன்ன யுனைடெட் அல்ல, வேறு கிளப்) ஆடியவர்கள். அந்தக் கிளப் எந்தப் பிரமிடிலும் இல்லை.

கப்பிமண்:

மேட்ச்செயலர் சொன்ன 'மைதானத்தின் சாவி' பற்றி ஒன்று சேர்க்கிறேன், இதைத் தெரியாமல் பல கிளப்புகள் வாடகையே கட்டிக்கொண்டிருக்கின்றன. ஸ்காட்லாந்தில் 2015ஆம் ஆண்டின் சமூக அதிகாரமளிப்புச் சட்டத்தின்படி, நகராட்சியிடம் இருக்கும் நிலத்தையோ கட்டடத்தையோ விலைக்கோ குத்தகைக்கோ தரும்படி ஒரு சமூக அமைப்பு முறைப்படி கேட்கலாம். அந்தப் பகுதி 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. கேட்டால் நகராட்சி சும்மா இருக்க முடியாது. விண்ணப்பம் முறையாக இருக்கிறது என்று ஏற்ற நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும், மறுத்தால் காரணம் எழுத வேண்டும், அதற்கு மேல்முறையீடும் உண்டு.

கிளப் இப்போது இருக்கும் வடிவில் கேட்க முடியாது, பெரும்பாலும் அங்கேதான் நின்றுவிடுகிறது. சொந்தமாக வாங்க வேண்டுமானால் பதிவு பெற்ற அமைப்பாக இருக்க வேண்டும், இருபது உறுப்பினராவது வேண்டும், உறுப்பினராவதற்கு அந்த ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் வழி இருக்க வேண்டும். பல கிளப்புகள் இதற்காகவே எஸ்.சி.ஐ.ஓ. எனப்படும் ஸ்காட்டிஷ் அற நிறுவனமாகப் பதிந்துகொள்கின்றன. பெரியவர் அணி மட்டும் போய்க் கேட்டால் கதை பலமில்லை. சிறுவர் அணி, பெண்கள் அணி, மாலையில் நடக்க வருகிற முதியவர் குழு எல்லாரையும் சேர்த்துக்கொண்டு, வாரத்தில் ஏழு நாளும் அந்த இடம் எப்படிப் பயன்படும் என்று மணி வாரியாக எழுதிக் கொடுங்கள்.

வாங்குவதற்கு முன் உடைமாற்று அறையின் கொதிகலனையும் கூரையையும் வடிகாலையும் தகுந்த ஆளை வைத்துச் சோதியுங்கள். நகராட்சி விட்டுக்கொடுக்கச் சம்மதிக்கும் கட்டடம் பொதுவாக இருபது வருடம் கைவைக்காத கட்டடம். வடிகால் அடைத்த மைதானத்தில் புதுப் புல் போட்டால் முதல் நவம்பரிலேயே சேறாகும். மே கடைசியில் ஆட்டம் முடிந்த கையோடு கோல்வாயைக் கிளறி, முள்கரண்டியால் பத்து சென்டிமீட்டர் ஆழம் குத்தி, மணல் கலந்து ரைபுல் விதையுங்கள். அடுத்த ஆறு வாரம் யாரையும் அதில் பெனால்டி அடித்துப் பழக விடாதீர்கள். அதைக் கயிறு கட்டிக் காக்க ஓர் ஆள் தினமும் மாலையில் வர வேண்டும், அந்த ஆள் யார் என்று முடிவு செய்துவிட்டு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுங்கள்.

கிளைட்கரை:

நன்றி. வாங்குவது எங்களுக்கு இன்னும் தூரம். இப்போதைக்கு இரண்டேகால் மணி நேர ஒதுக்கீடு எங்கே கிடைக்கும் என்று மூன்று இடத்தில் கேட்டிருக்கிறோம். கடைசியாக ஒன்று: நகராட்சிப் புல்தரை என்றால் அன்றைக்கு நாமே என்னென்ன கொண்டுபோக வேண்டும்?

மேட்ச்செயலர்:

கம்பம் மட்டும்தான் அங்கே இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வலை, கிளிப்புகள், வலையைத் தரையில் அடிக்க ஆணிகள், ஒரு சுத்தியல், நான்கு மூலைக்கொடி (ஒன்றரை மீட்டருக்குக் குறையக் கூடாது), மூன்று பந்து, முதலுதவிப் பை, லைன்ஸ்மேன் கொடி இரண்டு. சங்கம் அனுப்புவது பெரும்பாலும் ஒரே நடுவரைத்தான், கோட்டோரம் கொடி பிடிப்பது இரு கிளப்பிலிருந்தும் ஒவ்வொருவர். விதி நன்றாகத் தெரிந்த, வாய் நிதானமான ஆளை அதற்கு விடுங்கள். ஆடாமல் உட்காரப் போகிறவனிடம் கோபத்தில் கொடியைக் கொடுத்தால் முதல் ஆஃப்சைடிலேயே சண்டை வரும். நடுவர்கள் கிடைப்பதே சிரமமாக இருக்கும் காலம் இது. அவர் வந்ததும் டீம் லைன்ஸ் தாளையும் (அன்றைய ஆட்டக்காரர் பட்டியல்) கட்டணத்தையும் கையில் கொடுத்துவிடுங்கள், ஆட்டம் முடிந்தபின் அவரைத் துரத்த வைக்காதீர்கள்.

வலை கட்ட ஒருவருக்கு இருபது நிமிடம், இருவருக்குப் பத்து. உயரமானவர் ஒருவரை அதற்கென்று முன்கூட்டி வரச் சொல்லுங்கள், குறுக்குக் கம்பம் 2.44 மீட்டர்.